ஊருக்கு பஸ் இருக்குதுங்களா?

திருப்பூரில் பஸ்ஸுக்கு நிற்கும் வெளியூர்க்காரர்கள் அடிக்கடி ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. முன்னது திருப்பூருக்கு வடமேற்கே, சுந்தரரின் முதலைக் கதையும் பெரிய தேரும் உள்ள கோயில் ஊர். பின்னது நேர் எதிர்த் திசையில், தாராபுரம் போகிற ரோட்டில் இருக்கிறது.

கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு தாத்தா, மஞ்சப்பையும் மொய்க் கவருமாக அவிநாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பாளையம் நால்ரோட்டுல எறக்கி உட்டுருங்க தம்பி" என்று சொன்னதை ஒருமுறை பார்த்தேன். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். "ஐயா, நீங்க போகோணும்னா அந்தப் பக்கமுங்க" என்று பின்னால் கையைக் காட்டினார். தாத்தா இறங்கிக்கொண்டே முணுமுணுத்தார்: "பேரு வெச்சவன் ஒருக்கா பஸ்ஸுல வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஊரையும் இன்று ஒரே ரோடு கட்டிப்போட்டிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 381. அவிநாசியில் சேலம் - கொச்சி சாலையிலிருந்து பிரிந்து, திருப்பூருக்குள் நுழைந்து வெளியே வந்து, அவிநாசிபாளையத்தில் போய் முடிகிறது. மொத்தமே சுமார் 32 கிலோமீட்டர்தான். முடிகிற இடத்தில் குறுக்கே ஓடுவது கோவை, பல்லடம், காங்கேயம், கரூர், திருச்சி என்று போகும் 81-ம் எண் நெடுஞ்சாலை. நம்பர் மாறிப் பல வருஷம் ஆகியும் பழைய லாரி டிரைவர்கள் அதை இன்னும் '67' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, வடக்கே திருப்பூர், தெற்கே தாராபுரம், கிழக்கே காங்கேயம், மேற்கே பல்லடம். நான்கு திசைக்கும் நல்ல ரோடு. ஒரு கிராமத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, தலைப்பில் இருக்கிற கேள்வி காதில் விழும்வரை.

கேட்டவர் ஒரு பெண்ணின் அம்மா. ஒரு சொந்தக்காரர் வீட்டில் வரன் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வீடு இந்தப் பக்கத்தில் ஒரு தோட்டம். ஜாதகம், நிலம், கிணறு, போர் எல்லாம் பேசி முடித்து காபி டம்ளரைக் கீழே வைத்த பிறகு அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஊருக்கு பஸ் இருக்குதுங்களா?"

"ஏனுங்க, நாலு பக்கமும் பஸ் போகுதுங்களே" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா, கொஞ்சம் பெருமையாகவே.

"ரோட்டுக்கு இருக்குதுங்க, தெரியும். உங்க ஊட்டுக்கு இருக்குதுங்களா?"

கூடத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பொண்ணு திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலையில் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலை இருக்குமா இருக்காதா என்பதுதான் அந்த ஒற்றைக் கேள்வி.

இதே கேள்விக்கு அரசாங்கமும் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் மாவட்டத்துக்கு ஒரு கையேடு வரும். ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் அதில் ஒரு வரிசை. எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், ஆறு வயது வரை எத்தனை குழந்தைகள், வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பகுதி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபால், போக்குவரத்து என்று வசதிகளுக்கு இன்னொரு பகுதி.

போக்குவரத்துப் பகுதியைப் படிப்பது தனி சுவாரஸ்யம். அரசு பஸ் உண்டா, தனியார் பஸ் உண்டா, ரயில் நிலையம் உண்டா, ஆட்டோ, டாக்ஸி, வேன், டிராக்டர், மாட்டு வண்டி, தார் ரோடு, மண் ரோடு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். படகு போகிற நீர்வழி உண்டா என்றும் ஒரு கட்டம். மழையே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பொங்கலூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் அந்தக் கட்டம் உண்டு! நாடு முழுவதற்கும் ஒரே படிவம் என்றால் அப்படித்தான்.

ஒரு வசதி ஊரில் இருந்தால் 'உண்டு'. இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதற்கு ஓர் எழுத்து: 5 கிலோமீட்டருக்குள் என்றால் 'ஏ', 5 முதல் 10 வரை 'பி', அதற்கு மேலே 'சி'. அவ்வளவுதான். பஸ் எத்தனை தடவை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, கடைசி வண்டி எப்போது என்பதற்கெல்லாம் அங்கே கட்டம் கிடையாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எட்டிப் பார்க்கிற பஸ்ஸும் 'உண்டு'தான். பத்து நிமிஷத்துக்கு ஒன்று ஓடினாலும் அதே 'உண்டு'தான்.

அடுத்த சிக்கல் 'ஊர்' என்ற சொல். இணையத்தில் அவிநாசிபாளையத்தின் மக்கள்தொகை என்று தேடுகிறவர்கள், கிடைத்த முதல் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் பொங்கலூர் ஊராட்சி ஒன்றியத்தில் வடக்கு அவிநாசிபாளையம், தெற்கு அவிநாசிபாளையம் என்று இரண்டு ஊராட்சிகள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, பத்திரிகையில் பாதி நாள் 'அவிநாசி', பாதி நாள் 'அவினாசி'. எந்த எண் எந்தப் பாளையத்துக்கு என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, கொங்கு நாட்டு ஊரின் அமைப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் போல இங்கே வீடுகள் ஒரே தெருவில் ஒட்டி நிற்பதில்லை. ஊர் என்று நடுவில் கொஞ்சம் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பேக்கரி, ஒரு உரக்கடை. மற்றவர்கள் எல்லாம் அவரவர் காட்டில். கிணறு எங்கேயோ வீடும் அங்கே. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவில் சோளக்காடும் கிளுவை வேலியும். தார் ரோட்டிலிருந்து இட்டேரியில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் வாசல் தெரியும் என்கிற வீடுகள் சாதாரணம். கையேட்டில் அந்த வாசலுக்கும் சேர்த்துத்தான் 'பஸ் உண்டு'.

அந்த அம்மா கேட்டது இந்த இரண்டு கிலோமீட்டரைப் பற்றி.

ஆண்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே தோட்டத்துக்கு ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் நிற்கும். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் இந்தப் பக்கத்து விவசாயிக்கு அதுதான் கட்டைவண்டி. பால் கேன், புண்ணாக்கு மூட்டை, ஆட்டுக்குட்டி, பேரன் என்று அது ஏற்றாத பாரம் இல்லை. பையன்களுக்கு பைக். அவர்களைப் பொறுத்தவரை பஸ் என்பது மழை நாளுக்கும், வண்டி ரிப்பேரான நாளுக்கும்.

அப்படியென்றால் பஸ்ஸுக்கு நிற்பது யார்? ஒரு நாள் காலை நால்ரோட்டில் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி பெண்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்: செக்கிங், பேக்கிங், கைமடி, பிசிர் வெட்டுகிறவர்கள். டிபன் பாக்ஸ் உள்ள ஒயர் கூடை, கையில் செல்போன். பிறகு காலேஜ் பிள்ளைகள். அப்புறம் மாத்திரை வாங்கப் போகிற வயசானவர்கள். பெட்டியோடு ஒதுங்கி நிற்கிற வட மாநில இளைஞர்கள். வண்டி ஓட்டத் தெரியாதவர்கள், வண்டி வாங்க முடியாதவர்கள், வீட்டு வண்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டவர்கள். ஊரின் மக்கள்தொகையைப் பஸ் ஸ்டாப்பில் வைத்து எண்ணினால் கிடைக்கிற படம் வேறு.

பக்கத்தில் நின்ற ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். செக்கிங் செக்‌ஷனில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாராம்.

"ஒன்றரை ஷிப்டு பார்ப்பீங்களாக்கா?"

"எங்கீங்க? ஒரு ஷிப்டோட சரி. ஆர்டர் அவசரம்னா சூப்பர்வைசரு நில்லுங்கம்பாரு. நின்னா ராத்திரி எட்டரை ஆயிரும். ரோடு வரைக்கும் எப்புடியோ வந்துருவேன். அப்புறம் உள்ளாற போறது ஆரு? அவரு வந்து கூட்டிட்டுப் போகோணும். அவரு இல்லாத நாளு அரை ஷிப்டு போச்சு."

திருப்பூர்க் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுவாகக் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நீண்டால் ஒன்றரை. சம்பளம் பெரும்பாலும் வாரக் கணக்கில், சனிக்கிழமை கைக்கு வரும். அந்தக் கவர் கனமாக இருப்பதும் இளைத்துப் போவதும் வாரத்தில் எத்தனை அரை ஷிப்டு சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊரில், இந்த அக்காவின் பங்கு ஓவர்டைம் கேட்டால் நிற்பாரா மாட்டாரா என்பதில் இருக்கிறது. அது அவர் உழைப்பைப் பொறுத்ததல்ல, இருட்டிய பிறகு கிடக்கிற இரண்டு கிலோமீட்டரைப் பொறுத்தது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக்குழு அதைப் பற்றி ஆய்வு செய்தபோது தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் திருப்பூரும் ஒன்று. மதுரை, நாகப்பட்டினம் மற்ற இரண்டு. பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று ஆய்வு சொன்னது. 888 ரூபாய் என்பது ஒரு கேஸ் சிலிண்டர் விலைக்குப் பக்கம். சின்னத் தொகை இல்லை.

ஆனால் நால்ரோட்டில் நின்றால் இதன் இன்னொரு பக்கம் தெரியும். மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. அவை வெளியூர் பஸ். டிக்கெட் எடுக்க வேண்டும். சில இங்கே நிற்காது. இலவச டவுன் பஸ் எப்போது வருமோ அப்போது வரும். நேரமா, காசா என்று தினமும் காலையில் ஒரு தராசு. அவசரம் இல்லாத ஆத்தாக்கள் காசைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டரைக்குப் பஞ்ச் வைக்க வேண்டியவர்கள் மூன்றாவது பஸ்ஸுக்குப் பொறுமையிழந்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

கம்பெனி வேன் வந்தது இந்த இடைவெளியில்தான். காலை ஏழு மணிக்கு மேல் இந்தப் பக்கத்துக் கிளை ரோடுகளில் நின்று பாருங்கள். டெம்போ டிராவலர், பழைய ஸ்கூல் பஸ், மினி வேன் என்று தோட்டத்து மூலை வரைக்கும் போய் ஆள் எடுத்துவரும். ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்ட காலத்தில் கம்பெனிகளுக்கு வேறு வழியும் இல்லை. நிறையப் பெண்கள் வேலையைப் பார்த்து கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில்லை, வேன் வருகிற கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனியில் சம்பளம் கூட என்று தெரிந்தாலும் மாற முடியாது. அங்கிருந்து வேன் வராது.

கம்பெனி வேனில் இன்னொன்றும் இருக்கிறது: அது ஆர்டரோடு வருகிறது, ஆர்டரோடு போகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர் என்ன பாடுபட்டது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஷிப்டு குறைந்தால் முதலில் நிறுத்தத் தோன்றுவது தூரத்து ரூட் வேனைத்தான். அரசு பஸ்ஸை எடுத்தால் ஊரே திரண்டு மறியல் செய்யலாம். வேன் வராமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது. ஆள் ஊருக்குப் போக முடியாதபோது வேலை கிராமத்துக்கு வருகிறது. நகரத்தில் வெட்டிய துணி மூட்டை மூட்டையாக வந்து, ஊருக்குள் இருக்கிற பவர்டேபிளில் தைத்துத் திரும்பிப் போகிறது. பழைய வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில், ஒரு ஷெட்டுக்குள், பத்து மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்கும். பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது என்பதால் பட்டறை என்றால் இங்கே வெங்காயம் இருப்பு வைக்கிற பட்டறைதான். இப்போது இரண்டும் அடுத்தடுத்து. மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை ஸ்கூலிலிருந்து வருவதற்குள் வீடு திரும்பலாம் என்பதால் பெண்கள் இதை விரும்புகிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

கணக்கெடுப்புக்குத் திரும்புவோம். 2011-ல் வேலைக்குப் போகிறவர்களிடம், வேலை இடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் விவசாயம், விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் தவிர்த்த மற்றவர்களிடம் மட்டும். கம்பெனிக்குப் போகிற மருமகளின் பயணம் கணக்கில் வரும். அதே வீட்டிலிருந்து வெங்காயம் பிடுங்க அடுத்த ஊருக்கு மினி ஆட்டோவில் பத்துப் பேரோடு நெருக்கிக்கொண்டு போகிற மாமியாரின் பயணம் வராது. அவர் எங்கும் போகாதவர் மாதிரி.

அந்த 2011 கணக்குப்படி திருப்பூர் மாவட்டத்தில் 24,79,052 பேர். அதில் நூற்றுக்கு 61 பேர் நகர்வாசிகள். தமிழ்நாட்டுக்கே அந்த விகிதம் 48தான். மாவட்டம் பிறந்தது 2009-ல். இரண்டே வருஷத்தில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2021-ல் வரவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ மைய நாளாக வைத்து நடக்க இருக்கிறது. 2011-ல் பிறந்த குழந்தை அதற்குள் பதினாறு வயதைத் தொட்டுவிடும். அவள் காலேஜுக்குப் போக எந்த பஸ் வேண்டும் என்பதை, அவள் தொட்டிலில் கிடந்தபோது எடுத்த கணக்கு எப்படிச் சொல்லும்?

இந்தப் பதினாறு வருஷத்தில் ஊரின் ஆட்களே மாறிவிட்டார்கள். கொங்குப் பக்கம் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு என்று எப்போதோ நிறுத்திவிட்டது. அந்த ஒரு பிள்ளையும் கோயமுத்தூரிலோ, பெங்களூரிலோ. தோட்டத்து வீட்டில் வயதான இருவர் மட்டும். அதே ஊரின் மெயின் ரோட்டோரத்தில் லைன் வீடுகளில் தேனி, சிவகங்கைக்காரர்கள், ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். உள்ளே வயதானவர்கள், ரோட்டில் வாலிபர்கள். இரண்டு கூட்டத்துக்குமே சொந்த வண்டி குறைவு.

நான்கு வழிச்சாலையால் வந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. திருப்பூருக்கு ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகிறது, சரக்கு சீக்கிரம் போகிறது. ஆனால் நடுவில் தடுப்பு வந்தால் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போவது எழுபது வயதுக்காரருக்கு ஒரு சாகசம். வழியில் வேலம்பட்டியில் சுங்கச்சாவடி என்றதும் விவசாயிகள் கொதித்ததும் இந்தக் கோபத்தின் ஒரு பகுதிதான். ரோடு எங்கள் காட்டு வழியாகப் போகிறது, எங்களுக்காகப் போகிறதா என்பது அவர்கள் கேள்வி.

உள்ளே இருக்கிற இரண்டு கிலோமீட்டருக்கு என்ன வழி? கண்டுபிடித்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. மினி பஸ். 1997-ல் தமிழ்நாட்டில் வந்தபோது கிராமங்களில் திருவிழா மாதிரி வரவேற்றார்கள். பிறகு டீசல் விலை ஏறி, கட்டணம் கட்டுப்படியாகாமல் நிறைய வண்டிகள் நின்றுபோயின. 2025 ஜூனில் புதுத் திட்டம் ஒன்று தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் 65 சதவீதமாவது பஸ்ஸே போகாத ரோடாக இருக்க வேண்டும். அவிநாசிபாளையத்தைச் சுற்றி அலகுமலை, தொங்குட்டிபாளையம், கண்டியன்கோயில், பெருந்தொழுவு என்று கிளை ரோடுகளை மனதில் ஓட்டிப் பார்த்தால், இந்த நிபந்தனை நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு லாபம் வருமா என்பதுதான் கேள்வி. காலை ஒரு நடை, மாலை ஒரு நடைதான் நிறையும். மத்தியானம் காலி சீட்டைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும்.

அதனால்தான் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்ற கணக்கு முக்கியம். அதை எடுக்க டெல்லியிலிருந்து யாரும் வர வேண்டாம். பிளஸ் டூ படிக்கிற நான்கு பிள்ளைகள் போதும். ஒரு வாரம், காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஒன்பதரை. ஊராட்சியில் இருக்கிற ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் நின்று, யார் எந்தப் பக்கம் போகிறார்கள், எதில் போகிறார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். கம்பெனி வேன், ஸ்கூல் பஸ் எல்லாம் சேர்த்து. தோட்டங்களுக்குள்ளிருந்து நடந்து வருகிறவர்களைத் தனியாக.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. "எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்" என்ற மனு எல்லா சபையிலும் வரும், எல்லா அதிகாரிக்கும் மனப்பாடம். "திங்கள் முதல் சனி வரை இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் இந்தப் பிரிவில் இறங்கி உள்ளே நடப்பவர்கள் இத்தனை பேர், அதில் பெண்கள் இத்தனை பேர்" என்று தீர்மானம் போட்டால், அதைப் பஸ் டிப்போ கிளை மேலாளரும் படிப்பார், மினி பஸ் பெர்மிட் கேட்கிறவரும் படிப்பார்.

அந்த வரன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முடிந்தது. மாப்பிள்ளை ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுப்பதாக ஏற்பாடு. பெண்ணின் அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டாராம், பெரியப்பா சொல்லிச் சிரித்தார்:

"அந்த இட்டேரியில லைட்டு இருக்குதுங்களா?"

வருகிற கிராம சபையில் அதற்கு மனுக் கொடுக்கப் போகிறார்கள்.